நண்பகல் அளவு

பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தார் பௌதிகப் பேராசிரியர் அடைக்கலராஜ். வானத்துத் தூசியை அளக்கும் வேலை மட்டும் நிற்கவில்லை. தினமும் நண்பகலில் மனைவி சகாயம்மாள் மொட்டைமாடிக்குப் போய்விட்டு வந்து, அங்குள்ள கருவியின் அளவு என்று ஓர் எண்ணைச் சொல்வாள். அது ஆராய்ச்சி மையத்துக்குத் தபாலில் போகும்.

அன்று பதில் வந்தது. படித்துச் சொன்னாள்.

"திருச்சி மேல தூசி கூடிப்போச்சுன்னு சாட்டிலைட் காட்டுதாம். உங்க அளவு கூடலையாம். அதனால சாட்டிலைட் கணக்கைத் திருத்திட்டாங்களாம்."

அவர் கண்ணோரம் நனைந்தது.

"பாத்தியா சகாயம், நம்ம கருவி பொய் சொல்லாது."

ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை புழுதியில் மங்கித் தெரிந்தது.

பக்கவாதம் தாக்கி அவர் மாடியில் விழுந்த அன்றே கருவியும் நொறுங்கிவிட்டது. அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இதுவரை சொன்னதெல்லாம் போன வருட நோட்டில் இருந்த எண்கள்.

"மணி பன்னெண்டாச்சு" என்றார்.

அவள் மாடிப்படி ஏறினாள்.