பூசாத சுவர்களுக்குள்

சித்திரை வெயில் லீமா வீட்டின் நீண்ட ஓட்டுத் தாழ்வாரத்துக்கு வெளியே, முற்றத்து விளிம்போடு நின்றுவிடுகிறது. கருங்கல் ஊரில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. எதிரே அவள் அண்ணன் ஆன்ட்ரூஸின் மாடி வீடு அனலாய்க் கொதிக்க, வேர்க்குரு பொரிந்த கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வந்து நிற்கிறான். சுடாத மண்கல் அடுக்கி, சிமெண்ட் பூசாமல் அவள் வீடு கட்டியபோது, "குவைத்துக்காரனுக்க தங்கச்சி கோழிக்கூட்டிலயா இருக்கது?" என்று குவைத்திலிருந்து போனில் கத்தியவன், இப்போது லீவில் வந்திருக்கிறான். லீமா தரையில் பாய் விரிக்கிறாள். தாழ்ந்த ஜன்னல்கள் வழியாகக் கடற்காற்று, வாழையையும் பப்பாளியையும் தடவி, அடுக்களைத் தண்ணீர் பாயும் சேம்பு நட்ட குழியின் ஈரத்தோடு நுழைகிறது. சூடான காற்று கூரையடித் துளைகள் வழியே ஏறி வெளியேறுகிறது. பாயில் கிடத்திய, அழுது சிவந்த குழந்தையின் விரல்கள் மெல்ல விரிகின்றன. அது உறங்கிவிடுகிறது. ஆன்ட்ரூஸ் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறான். எடுக்க மனமில்லாமல் அப்படியே நிற்கிறான்.

"ஏட்டி, ஏசி வச்சிருக்கியா?"

"கரண்டில்லாம எப்பிடி அண்ணா ஏசி ஓடும்?"

அவன் பதில் சொல்வதற்குள், அவன் மனைவி பெபிஷா குழந்தையைத் தேடிச் சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே முற்றத்துக்கு வருகிறாள். அவன் வாசலுக்கு ஓடி உதட்டில் விரல் வைக்கிறான்.

"சத்தம் போடாத, பிள்ளை ஒறங்குது. நீயும் உள்ள வந்து இரி. எனக்க தங்கச்சி கெட்டின வீடாக்கும்."

லீமா தோட்டத்தைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கன்னம் வலிக்குமளவுக்குச் சிரிப்பு வருகிறது.