உதறாமல் போட்ட துண்டு

குளியலறையில் தண்ணீர் நின்ற சத்தம் மொட்டை மாடிவரை கேட்டது.

இனி மகள் துண்டை எடுப்பாள். முகத்தைத் துடைப்பாள். அப்புறம் தீர்ப்பு.

கிழவர் ஈரத் துணி வாளியைக் கொடிக்கு அடியில் வைத்துவிட்டு, ஒரு காதைப் படிக்கட்டுப் பக்கம் வைத்துக்கொண்டார்.

போன தடவை அவள் சொன்னது இன்னும் ஆறவில்லை. "இது துண்டாப்பா? உப்புத்தாள். கை ஒடிஞ்சு கிடக்குற மனுஷிக்கு இதையா குடுக்குறீங்க? அடுத்த தடவையும் இப்படியே இருந்துச்சுன்னா அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

சொன்னால் செய்கிறவள். அப்பனுக்குப் பிறந்தவள் ஆயிற்றே.

கிழவி வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்ட நாளிலிருந்து துவைக்கிற வேலை அவர் தலையில் விழுந்தது. வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். இஞ்சினைப் பிரித்துக் கொடுத்தால் மாட்டிவிடுவார். மெஷினில் போட்ட தேங்காய்ப்பூத் துண்டுதான் பூவாகப் போய் ஓடாக வந்தது.

கடைக்காரன் நீல நிறத்தில் ஒரு பாட்டிலைக் கொடுத்தான். ஒரு மூடி ஊற்றினால் துண்டு பஞ்சாகிவிடுமாம். அவர் இரண்டு மூடி ஊற்றினார். துண்டு வழவழவென்று வந்தது. தண்ணீரைத்தான் குடிக்க மாட்டேன் என்றது. முதுகைத் துவட்டினால் ஈரம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் குடிபோனது, அவ்வளவுதான்.

யாரையும் நம்பி அவருக்குப் பழக்கமில்லை. பால்காரனை நம்ப மாட்டார். மருந்துக்கடைக்காரனை நம்ப மாட்டார். டிவியில் மழை இல்லை என்று சொன்னால் குடையை எடுத்து வைப்பார்.

அந்தச் சந்தேகபுத்திதான் கடைசியில் கைகொடுத்தது.

சோப்புத்தூள் பாக்கெட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். எவ்வளவு போட வேண்டும் என்று போட்டிருந்தது. அளவு சொல்கிறவனே விற்கிறவன். அவன் குறைத்தா சொல்வான்?

பாதியாகக் குறைத்தார். நீல பாட்டிலை ஓரங்கட்டினார். கிழவி சொன்னதால், அதுவும் இரண்டு நாள் யோசித்துவிட்டு, கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விட்டார். உச்சி வெயிலில் விறைக்கப் போடாமல் காற்றடிக்கிற ஓரமாகப் போட்டார். கொடியில் போடுமுன் நன்றாக உதற வேண்டும், அப்போதுதான் படுத்த நூல் எழுந்திருக்கும் என்று அவள் சொன்னாள். ஒரு தடவை அல்ல, காது புளிக்கிற அளவுக்கு.

நேற்றுக் காய்ந்ததைத் தொட்டபோது நன்றாக இருந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் தன் கையையும் அவர் நம்புவதில்லை. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. அதற்குச் சாக்கும் பட்டும் ஒன்று.

கிழவி நிழலில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. வலி போகிறவரை இருக்கட்டும் என்று கழுத்தில் மாட்டிய பட்டையில் கை தொங்கியது.

கீழே கதவு திறந்தது.

கிழவரின் உயிர் முழுக்கக் காதுக்கு வந்துவிட்டது. கையிலிருந்த துண்டைச் சுருண்ட வாக்கில் அப்படியே கொடியில் போட்டார்.

"உதறாமலா போடுவாங்க? தள்ளுங்க."

கிழவி எழுந்து வந்தாள். துண்டைக் கொடியிலிருந்து உருவினாள். இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்து ஓங்கி உதறினாள்.

படார்.

இன்னொரு தடவை. படார். எதிர்மாடிப் புறாக்கள் எழும்பிப் போயின.

பட்டை அவள் கழுத்தில் காலியாக ஆடியது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

பாலில் தண்ணீர் கலந்திருப்பதைத் தூக்குவாளியைத் திறக்காமலே கண்டுபிடிக்கிறவர், பக்கத்தில் படுத்திருக்கிறவளிடம் கோட்டைவிட்டிருக்கிறார். எத்தனை நாளாக? கேட்கத்தான் வாயைத் திறந்தார்.

"நீங்க துவைக்கிறத உக்காந்து பாக்க நல்லா இருந்துச்சு," என்றாள் கிழவி, கொடியைப் பார்த்துக்கொண்டு.

கோபம் வர வேண்டும். வரும் என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். வரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து உதறிக்கொண்டிருந்த கை. இன்னும் கொஞ்ச நாள் தொங்கிவிட்டுத்தான் போகட்டுமே.

படியில் செருப்புச் சத்தம். கிழவர் பாய்ந்து, அகப்பட்ட கையைப் பிடித்துப் பட்டைக்குள் நுழைத்தார்.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். துண்டில் முகத்தைப் புதைத்து, மெல்ல எடுத்தாள்.

"நீங்க துவைச்சதாப்பா? இல்ல, கடையில புதுசு வாங்கிட்டு வந்து என்னை ஏமாத்துறீங்களா?"

"நான் துவைச்சதுதான். அம்மா இங்கேயே இருக்கட்டும். கை சரியாக இன்னும் நாளாகும். அதுவரைக்கும் துணி என் பொறுப்பு."

பொய் சொல்லிப் பழகாத வாய். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

மகள் பட்டையில் தொங்கிய கையைப் பார்த்தாள். ஈரத் துண்டைப் பிடித்திருந்த அம்மாவின் மற்ற கையைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

கிழவி வானத்தைப் பார்த்தாள்.

"சரி, இங்கேயே இருக்கட்டும்," என்று மகள் படியிறங்கத் தொடங்கினாள். பாதிப் படியில் நின்றாள்.

"ஒடிஞ்சது வலது கைப்பா. மாத்தி மாட்டிவிடுங்க."