மிராசுதாருக்குப் பாராட்டு விழா

"வியாழக்கிழமை வெளியூர் ஆளை இறக்கி உங்க குத்தகை வயலை நானே அறுத்துக்குவேன்" என்றார் மிராசுதார் குஞ்சிதபாதம். புதன்கிழமையே கீழ்வேளூரில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தோம்.

"இதுக்கெல்லாம் மனசு மாற மாட்டேன்" என்றபடி மாலைக்குக் கழுத்தை நீட்டினார்.

பேச்சாளன் நான். அவருடைய நற்குணங்கள் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. பிறகு, கொள்ளிடத்தில் அவர் வெறுங்கையால் முதலை பிடித்ததைச் சொன்னேன்.

மதியம் தாண்டியதும் எழுந்தார். "போதும்யா. ஊர் ஆம்பளைங்க ஒருத்தரையும் காணோமே?"

"வந்துடுவாங்க, உக்காருங்கய்யா!" என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு முதலைகளை ஆற்றில் விட்டேன்.

சாயங்காலம்தான் கூட்டம் வந்தது, தலையெல்லாம் வைக்கோல் தூசியோடு.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாடா?" என்று சீறினார்.

முன்னால் நின்ற குத்தகைக்காரன் வைரக்கண்ணு பணிவாகச் சொன்னான்: "அறுத்து, அடிச்சு, நெல்லை வீடு சேர்க்கணுமில்லீங்களா?"