கடலைப் பற்றிய பதில்
அந்த ஆண்டுச் சர்வதேசத் திரைப்பட விழாவின் கடைசி நாள், மேடையில் வெளிநாட்டு இயக்குநரின் பேச்சைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள் தமயந்தி. தன் படத்தில் வரும் கடலைப் பற்றிப் பேசி முடித்தவர் மைக்கை அவளிடம் நீட்டியபோது, கூடவே ஒரு சீட்டும் கைக்குள் வந்தது. ‘திரும்பிப் போனால் எனக்குச் சிறை. காப்பாற்றுங்கள்.’ அவரை அழைத்துப்போக வந்திருந்த அந்நாட்டு அதிகாரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் மட்டும் தெரியாது. தமயந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே நிதானத்தில் சொன்னாள்: “யாரும் பதறாதீங்க. பக்கத்துல இருக்கறவர் இவரைப் பிடிச்சுட்டுப் போய் சிறையில போடப்போறாரு. கையெழுத்து வாங்கற மாதிரி மேல வந்து இவரைச் சூழ்ந்துக்குங்க. வக்கீல் யாராவது இருந்தா முதல்ல வாங்க.” அதிகாரி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சீட்டை மைக்கோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். நான்காவது வரிசையில் ஒரு பெண்மணி பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் அந்த வரிசையே எழுந்தது.