முதல் விருப்பம்

கோவளத்து பிரவுசிங் சென்டரில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரி விருப்பங்களை வரிசைப்படுத்திப் பூட்ட இன்று மாலைதான் கடைசி. மேசைக்கடியில் ரூத்தின் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. திரையில் முதலாவதாக அப்பா சொன்ன கல்லூரி நிற்கிறது, தரவரிசையில் வெகு மேலே இருப்பது. அதற்கு அடியில் எந்த வரிசையிலும் வராத படூர் கல்லூரி. இரண்டையும் போய்ப் பார்த்தாயிற்று. அப்பாவின் கல்லூரியில் வரவேற்பறைக் கேடயங்களைத்தான் காட்டினார்கள். படூரில் ஒரு மாணவி ஒயர் பற்றவைக்கும் சூடான சால்டரிங் அயனையே இவள் கையில் கொடுத்துவிட்டாள். ஆள்காட்டி விரலில் அந்தச் சூட்டுத் தழும்பு இன்னும் பளபளக்கிறது. கட்டைவிரலால் அதையே நெருடிக்கொண்டிருக்கிறாள். வெளியே ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடிக்கிறது. “அண்ணாத்த, சீக்கிரம். சர்வர் மக்கர் பண்ணிடப் போவுது” என்கிறார் கடைக்காரர். “ஜெபம் பண்ணிட்டு அமுக்கலாம்” என்கிறார் பக்கத்தில் நிற்கும் அப்பா ஜெபக்குமார். மானிட்டரின் தலையில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுகிறார். “தகப்பனே, ரேங்க்குல மேல கீற காலேஜையே எங்க புள்ளைக்குக் கட்டளையிடும்...” ரூத் கண்ணை மூடவில்லை. தழும்பு விரல் மவுஸை அழுத்துகிறது. படூர் மேலே ஏறுகிறது. ஜெபம் முடிவதற்குள் பூட்டியும் ஆயிற்று. “ஆமென்” என்று கையை எடுக்கிறார் அப்பா. அவரைவிடச் சத்தமாக “ஆமென்” என்கிறாள் ரூத். கால் இன்னும் நிற்கவில்லை.