பக்கத்து வீட்டு ரசிகர்

சுவரில் தொம் தொம் என்று இடி விழுந்தது. ஆணியில் மாட்டியிருந்த பேண்டுத் தொப்பி நழுவித் தரையில் உருண்டது. கார்னெட்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"கேக்குறான்யா மனுஷன்!" என்று உதட்டைத் துடைத்துக்கொண்டு, கார்னெட்டை மறுபடி வாயில் வைத்து, முன்னைவிடப் பலமாக ஊதினார்.

எல்லாம் பக்கத்து வீட்டு டயர் கடைக்காரன் சொல்லிவைத்த ஏற்பாடு. அவன் குடிவந்த புதிதில் ஒருநாள் இப்படித்தான் சுவர் இடிபட்டது. நம் சத்தம் பொறுக்காமல் இடிக்கிறார்கள் என்று இவர் பயந்து, வாசிப்பை நிறுத்திவிட்டார். மறுநாள் காலையில் அவன் வாசலில் வந்து நின்றான். ஆள் வாட்டசாட்டம், கை இரண்டும் உலக்கை.

"நேத்து ஏண்ணே பாதியில நிறுத்திட்டீங்க? அது கைதட்டல்ணே! நான் ஒண்டிக்கட்டை. கடையை மூடிட்டு வந்தா எனக்கு உங்க வாசிப்புதான் மருந்து. இனிமே சுவத்துல சத்தம் கேட்டா நிறுத்தாதீங்க, இன்னும் ஏத்தி ஊதுங்க. சரியா?"

சரியாவா? கார்னெட்காரர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மீசை முளைக்கும் முன்பே பேண்டில் சேர்ந்தவர் அவர். ஒரு காலத்தில் ஊர்வலத்தில் முதல் வரிசையில் நின்று ஊதினால் தெருவில் ஒரு ஜன்னல் மூடியிருக்காது.

அதெல்லாம் பழைய கதை. வயது ஏறியதும் உதடு தடித்தது, மேல் ஸ்வரம் பிசிறடித்தது. பேண்டு மாஸ்டர் ஈவிரக்கம் பார்க்காமல் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார். "அடுத்த ஊர்வலத்துலயும் பிசிறுச்சுன்னா நீ வீட்டோட இருந்துக்க" என்று கெடுவும் வைத்துவிட்டார். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதருக்கு பேண்டும் இல்லையென்றால் அப்புறம் என்ன இருக்கிறது?

அந்த நேரத்தில் கிடைத்தவன்தான் இந்த ரசிகன். சாயங்காலம் ஆனால் சுவர் அதிரும், இவருக்கு மூச்சு ஊறும்.

ஒருநாள் உச்ச ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். சுவர் தொம் தொம்மென்று தாளம் போட, இவர் ஏற்றிக்கொண்டே போனார். அதற்குள் மாடிப்படியில் ஒரே அலறல். கார்னெட்டும் கையுமாக ஓடிப்போய் எட்டிப் பார்த்தார்.

கீழே, கடைசிப் படியில், டயர் கடைக்காரன் மேல்வீட்டுத் தையல்காரரின் சட்டையைப் பிடித்து, அவர் முகத்தைக் கைப்பிடிக் கம்பியில் மோதிக்கொண்டிருந்தான். மோதிய மோதலில் ஒரு பல் தெறித்துப் படியில் விழுந்தது.

"அண்ணன் ஊதுறதை நிறுத்தச் சொல்லுவியா நீ? சொல்லுவியா?"

ஓடிப்போய்த் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. தன் வாசிப்புக்காக ஒருவன் இன்னொருவன் பல்லை உடைக்கிறானே என்று அவர் மனது பூரித்துப்போயிற்று. கலைஞன் மனசு அவ்வளவுதான்.

ஊர்வலம் வந்தது. பிசிறு என்ற பேச்சுக்கே இடமில்லை. பேண்டு மாஸ்டர் அவர் தோளைத் தட்டி, "யோவ், எங்கேய்யா புடிச்ச இந்த மூச்சை? முன்னாடி வந்து நில்லு" என்றார்.

முதல் வரிசை திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் உடுப்பைக்கூடக் கழற்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஊத ஆரம்பித்தார். அன்றைக்கு வந்த தட்டலோ சாதாரணத் தட்டல் இல்லை. ஆலங்கட்டி மழை மாதிரி விடாமல் விழுந்தது, காரை பெயர்ந்து அவர் காலடியில் கொட்டியது. இவரும் விடவில்லை. கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்க ஏற்றினார்.

மெல்ல மெல்லத் தட்டல் தளர்ந்தது. பிறகு நின்றுவிட்டது. பயல் சொக்கிப்போய்விட்டான் என்று சிரித்துக்கொண்டார்.

அப்போதுதான் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இரண்டு போலீஸ்காரர்கள், பின்னால் வாயில் கட்டோடு தையல்காரர். கார்னெட்காரர் பாய்ந்துபோய்ப் பக்கத்து வீட்டு வாசலில் கையை விரித்து நின்றார்.

"வேணாம் சார்! கொஞ்சம் கோவக்காரன், ஆனா தங்கமான மனுஷன்! சங்கீதம் புரிஞ்சவன்!"

"தள்ளுய்யா அந்தப் பக்கம்!" என்று ஒரு போலீஸ்காரர் நெஞ்சில் கைவைத்துத் தள்ள, கார்னெட் ஒரு பக்கம் போக, அவர் ஒரு பக்கம் விழுந்தார். கதவு திறந்தது. டயர் நெம்பும் கடப்பாரையோடு வெளியே பாய்ந்தவன், முன்னால் நின்ற போலீஸ்காரரின் தோளில் ஓங்கிப் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மற்றவரின் லத்தி அவன் முழங்காலில் இறங்கியது, மண்டையில் இறங்கியது. சாய்ந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து விலங்கு மாட்டினார்கள். அவன் சட்டை மட்டும் அடி விழுவதற்கு முன்பே ரத்தமாக இருந்தது.

உள்ளே எட்டிப் பார்த்த தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். "ஐயோ, ஒண்டிக்கட்டைன்னு சொன்னானே பாவி!"

சுவரோரம் ஒரு பெண் கிடந்தாள். கால் கட்டிலோடு சங்கிலியில் பூட்டியிருந்தது. முகம் எது, காயம் எது என்று தெரியவில்லை.

கார்னெட்காரர் தவழ்ந்துபோய் அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். அடிவயிற்றிலிருந்து அழுகை பீறிட்டது. "சுவத்துக்கு அந்தப் பக்கம்தானேம்மா இருந்தேன்! என்னைக்காவது ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பேனே!"

கிழிந்த உதடு மெதுவாக அசைந்தது.

"தினமும் தட்டினது நான்தாண்ணே."