லாரி மேல் ஒரு வட்டம்

ட்ரோனுக்கு ஒரு குணம் உண்டு. சார்ஜ் தீரப்போனால் கிளம்பிய இடத்துக்குத் தானாகவே திரும்பிவிடும். அந்த இடத்தை ‘வீடு’ என்பார்கள். ரிமோட்டின் திரையில் அது சின்ன வட்டமாகத் தெரியும்.

ஆற்றங்கரையில் தீயணைப்புத் துறையினருக்கு ட்ரோன் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோதே ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. ஆற்றின் நடுவே சிக்கி மூழ்கிக்கொண்டிருந்த ஒரு லாரியின் மேல் அதன் டிரைவர் நின்றார். தீயணைப்பு வீராங்கனை தில்லைநாயகி ட்ரோனில் கட்டி அனுப்பிய கயிறு, அவர் கைக்கு எட்டாமல் காற்றில் ஆடியது. சார்ஜ் குறைந்ததும் ரிமோட் கத்தத் தொடங்கியது.

“திரும்பி வரட்டும், விடும்மா. மிஷின் போச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்,” என்றார் பயிற்சி கொடுத்த இன்ஸ்பெக்டர்.

அவள் அந்த வட்டத்தை விரலால் இழுத்து லாரியின் மேல் வைத்தாள்.

“வீட்டுக்குத்தான் சார் போகுது.”

ட்ரோன் லாரியை நோக்கி இறங்கியது. டிரைவர் இரண்டு கைகளையும் நீட்டினார். கயிற்றின் மறுமுனையை அவள் முன்பே கரையிலிருந்த புளியமரத்தில் கட்டியிருந்தாள்.